சொட்டு சுவருக்குள் வைத்த குழாய்

குழாய் வேலைக்காரருக்குச் ‘சொட்டு’ என்று பெயர் வைப்பது, சமையல்காரரைக் ‘கருகல்’ என்று கூப்பிடுவதைப் போல. ஆனால் அந்தப் பெயரை அவர் தானே சம்பாதித்துக்கொண்டார். வேலை முடிந்ததும் ஸ்பானரைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டே, “இனிமே சொட்டுகூட வராது” என்பார். எந்த வீடானாலும் அதே வசனம், அதே குரல். கேட்டுக் கேட்டுச் சிரித்த தெரு, கடைசியில் அவரையே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது. அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். சொன்னதும் பொய்யில்லை. அவர் ஒட்டிய ஜாயிண்டில் மறுபடி கை வைக்கச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. வேறு யாராவது ஒட்டியது ஒழுகினால், “சொட்டுவைக் கூப்பிட்டிருந்தா இந்தக் கஷ்டம் உண்டா?” என்று வீட்டுக்காரரை அவர் மனைவி இடித்துக்காட்டுவது அந்தப் பக்கத்தில் வழக்கம்.

சொட்டுவின் மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. இவருக்குத் தண்ணீரை வெளியே விடாமல் பார்த்துக்கொள்வது தொழில் என்றால், அவளுக்கு நாள் முழுக்கத் தண்ணீரிலேயே நிற்பது தொழில். பெரிய பெரிய இயந்திரங்கள் உருளும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அங்கே பழகிய கை வீட்டிலும் சும்மா இருக்காது. துவைக்காத துணி எதுவும் அவள் அலமாரிக்குள் நுழைந்ததில்லை. கடையிலிருந்து வந்த புதுச் சட்டைகூட ஒரு தண்ணீர் பார்த்த பிறகுதான் உள்ளே போகும். “என்னையும் ஒருநாள் முக்கி எடுத்துக் கொடியில போட்டுடுவா” என்பார் சொட்டு.

பெரியவள் மகள். சின்னவன் மகன். மகனைத் தெரு ‘விசில்’ என்றது. சிவப்புப் பிளாஸ்டிக் விசில் ஒன்று கழுத்திலேயே தொங்கும். காலையில் கண் விழித்தால் விசில், பள்ளிக்கூடம் விட்டால் விசில், கோபம் வந்தால் விசில், சமாதானம் ஆனாலும் விசில்.

வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார்கள். கையில் இருக்கிறபோது ஒரு சுவர், இல்லாதபோது ஓய்வு. கடைசியாக முடிந்தது சமையலறை. சிங்குக்குக் கீழே குழாய் ஓட்டுவதற்காகச் சுவரைக் கொத்தி வைத்திருந்தபோதுதான் மகள் அந்தப் பேச்சை எடுத்தாள். வெளிநாட்டில் எங்கோ குடும்பங்கள் தங்கள் சாமான்களைப் பெட்டியில் போட்டுப் புதைத்துவைத்து, பல வருஷம் கழித்துத் தோண்டி எடுத்துப் பார்க்கிறார்களாம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னாராம்.

“நாமளும் வைக்கலாம்பா. சுவர் திறந்துதான இருக்கு?”

“புதைச்சு வைக்கிற அளவுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?” என்றாள் அம்மா. “நாலு தட்டு, ரெண்டு வாளி. அதைப் புதைச்சுட்டா நாளைக்கு எதுல சாப்பிடுறது?”

“என்னை வைங்க” என்றான் விசில். “பெரியவனானதும் திறந்துவிடுங்க. ஸ்கூலுக்குப் போக வேண்டாம்.”

“உன்னை வச்சா சுவருக்குள்ளேருந்து விசில் அடிப்ப. வீட்டுல மனுஷன் தூங்க வேண்டாமா?” என்றார் அப்பா.

ஆனால் யோசனை அவருக்குப் பிடித்துவிட்டது. பெட்டி எதற்கு, பெட்டி துருப்பிடிக்கும். கழிவுநீர்க் குழாயில் மிச்சமிருந்த ஒரு துண்டை எடுத்தார். முழங்கை நீளம், உள்ளே கை நுழையும் அகலம். இரண்டு முனைக்கும் மூடி. பசை போட்டு ஒட்டிவிட்டால் ஆற்றுக்குள் போட்டாலும் தண்ணீர் நுழையாது.

ஆளுக்கு ஒரு பொருள் என்று பேச்சு. மகள் பட்டாம்பூச்சி வடிவத்தில் ஒரு தலைக் கிளிப் கொடுத்தாள். சொட்டு, தான் முதன்முதலாகத் தனியாக வேலை செய்த வீட்டில் கழற்றிய பித்தளைக் குழாய்த் தலையைப் போட்டார். விசிலிடம் விசிலையே கேட்டார்கள். மாட்டேன் என்று அடம்பிடித்தான். “உள்ள போனா அது பத்திரமா இருக்கும்டா. வெளியில இருந்தா என்னைக்காவது நானே மிதிச்சு உடைச்சிடுவேன்” என்று அப்பா சொன்ன பிறகு, கடைசியாக ஒருமுறை காது கிழிய ஊதிவிட்டுக் கொடுத்தான். அம்மா, அவனுக்குச் சின்னதாகிப்போன நீலச் சட்டையைத் தருவதாகச் சொன்னாள்.

இவை போக ஒரு கேசட். எலெக்ட்ரீஷியன் நண்பர் ஒருவரிடம் டேப் ரெக்கார்டர் வாங்கிவந்து நால்வரும் பேசினார்கள். அம்மா இரண்டு வார்த்தைக்குமேல் பேசவில்லை, வெட்கம். அப்பா வழக்கமான வசனத்தைச் சொன்னார். மகள் ஒரு பாட்டின் பாதியைப் பாடினாள். மீதி நேரமெல்லாம் விசில்தான். மாடிவீட்டு அம்மாவைப் போல மூக்கால் பேசிக் காட்டினான்: “சொட்டு அண்ணே, குழாயில தண்ணி வருது. ஆனா வாளிக்குள்ள வரமாட்டேங்குது அண்ணே.” அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

எப்போது திறப்பது? தேதி குறித்தால் மறந்துபோகும் என்றார் சொட்டு. “இவன் என் உயரம் வளர்ற அன்னைக்கு உடைப்போம். கண்ணுக்கு முன்னால நிக்கிற கணக்கு, மறக்கவே மறக்காது.”

மூடி ஒட்டிய அன்று வானம் மூடிக்கிடந்தது. கொத்தனார் கலவையைக் குழைத்துவிட்டு, இறுகிவிடும், சீக்கிரம் ஆகட்டும் என்று நின்றார். எல்லாம் தயார், சட்டை மட்டும் வரவில்லை. அழுக்குச் சட்டையைச் சுவருக்குள் வைப்பாளா அவள்? காலையில் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள்.

“சட்டை வருதா, இல்ல சட்டை இல்லாம மூடட்டுமா?” என்று கத்தினார் சொட்டு.

“இதோ வந்துட்டேங்க.”

கொடியிலிருந்து உருவிக்கொண்டு ஓடிவந்தாள். கேசட் ஆடி உடையக் கூடாதென்று அதைச் சட்டைக்குள் வைத்துச் சுற்றி, குழந்தையைத் தருவதுபோலத் தந்தாள். வாங்கியபோது துணி அவர் கைக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

“காஞ்சிடுச்சா?”

“காஞ்சாச்சு. காத்துல கெடந்த துணி அப்படித்தான் ஜில்லுனு இருக்கும்.”

துணி விஷயத்தில் அவளிடம் யார் மறுபேச்சுப் பேசுவது? உள்ளே தள்ளினார். பசை தடவினார். மூடியை வைத்து அரைத் திருகு திருகி, பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வாழ்க்கையில் ஒட்டியதிலேயே நல்ல ஜாயிண்ட் அதுதான். கொத்தனார் பூசினார். சுவர் சுவரானது.

அதற்குப் பிறகு உயரம் பார்ப்பது வீட்டில் ஒரு விளையாட்டாகிவிட்டது. அப்பாவும் மகனும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பார்கள், மகள் நடுவர். அவன் குதிகாலைத் தூக்குவான். “பொய்க்கால் போடாதடா” என்று அவள் மண்டையில் தட்டுவாள். இடுப்பைத் தாண்டினான், தோளைத் தொட்டான், மீசை அரும்பியபோது அப்பாவின் காது மடல் வரைக்கும் வந்துவிட்டான். “அடுத்த வருஷம் சுவரை உடைக்கணும், உளியைத் தீட்டி வைங்க” என்றான்.

காய்ச்சல் என்று படுத்தான். எழுந்திருக்கவில்லை. சேர்த்தது அம்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில்தான். டாக்டர்கள் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். துக்கம் கழிந்து அவள் வேலைக்குத் திரும்பிய அன்று, அவன் இருந்த வார்டிலிருந்து வந்த விரிப்புகளை இயந்திரத்தில் போட்டாள். அவன் படுத்த விரிப்பு என்றோ துவைத்து, மடித்து, வேறு யாருக்கோ விரிக்கப்பட்டிருக்கும். அது தெரிந்தும் ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டாளாம். கூட வேலை செய்தவள் சொல்லித்தான் சொட்டுவுக்குத் தெரியும்.

குழாயைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. பேசுவதற்கென்ன? அதைத் திறக்கும் நாள் வளர்வதை நிறுத்திவிட்டது. அவள் தினமும் அந்தச் சிங்கில் பாத்திரம் கழுவினாள். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள்.

சில வருஷங்கள் கழித்து ஒரு பழைய லாட்ஜை இடித்துக் கட்டும் வேலை வந்தது. குளியலறைச் சுவரில் சொட்டு ஒரு துண்டுக் குழாயைக் கண்டார். எங்கும் போகாத, இரண்டு பக்கமும் மூடி ஒட்டிய குழாய். முன்பு வேலை செய்தவன் கை துடைத்த ஈரத்துணியை உள்ளே மறந்துவிட்டு மூடியிருக்கிறான். அறுத்ததும் எழுந்த நாற்றத்தில் பக்கத்து அறையிலிருந்தவன் ஓடிவந்தான். துணி கறுத்து, கூழாகி, குழாயோடு ஒட்டிக்கிடந்தது. சொட்டு மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை சொல்ல முடியாத ஜாயிண்ட். வெளியே இருந்து ஒரு துளி உள்ளே போகவில்லை. உள்ளே இருந்த ஈரமும் ஒரு துளி வெளியே போகவில்லை.

கையில் அந்தக் குளிர்ச்சி மறுபடியும் வந்தது. நீலச் சட்டையின் குளிர்ச்சி.

அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து சிங்குக்குக் கீழே குனிந்து சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். “ஒழுகுதா?” என்று மனைவி கேட்டாள். “இல்லை” என்றார். உண்மைதானே.

இது அவருக்குள்ளேயே கிடந்தது. மூடிய குழாய்க்குள் மகன் இன்னும் பேசிக்கொண்டிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். திறக்காத வரைக்கும் இரண்டும் உண்டு.

ஒருநாள் அவள் சலவைக்கூடத்திலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

“என்னங்க, அவன் குரல் போயிடுச்சு.”

“என்னம்மா சொல்ற?”

“மிஷின் சத்தத்துல அவன் ‘அம்மா’ன்னு கூப்பிடுறது எப்பவும் கேக்கும். நானா நெனச்சாலும் கேக்கும், நெனக்காட்டியும் கேக்கும். இன்னைக்கு நெனச்சுப் பாக்குறேன், வரல. அவன் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கு. எப்படிச் சொன்னான்னு வரமாட்டேங்குது.”

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“போட்டோ இருக்கு. போட்டோ பேசுமா? அந்தக் கேசட்தாங்க இருக்கு. சுவரை உடைச்சுடலாம்.”

அன்றிலிருந்து சாக்குச் சொல்ல ஆரம்பித்தார். மழை போகட்டும் என்றார். பழைய சுவர், உடைத்தால் சிங்க் இறங்கிவிடும் என்றார். கேசட் போட இப்போது யாரிடம் மிஷின் இருக்கிறது என்றார். கடைசிச் சாக்கு அவருக்கே வினையாக முடிந்தது. அம்மா போனில் அதைச் சொல்ல, மகள் எங்கோ தேடி ஒரு பழைய கேசட் பிளேயரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

“இப்ப என்ன சொல்றீங்க?” என்றாள். “கரண்ட் இல்லன்னு சொல்லிடாதீங்க. பேட்டரியும் வாங்கிட்டு வந்திருக்கேன்.”

சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு சிங்குக்குக் கீழே புகுந்தார். அம்மாவும் மகளும் பின்னால் உட்கார்ந்தார்கள். அம்மா முன்கூட்டியே ஒரு வெள்ளைத் துண்டை மடியில் விரித்து வைத்திருந்தாள், எடுப்பதை வாங்கிக்கொள்ள. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும்.

பூச்சு உதிர்ந்தது. குழாய் தெரிந்தது. அடிப்பக்க மூடியில் விரலை ஓட்டினார். ஒட்டியபடியே இருந்தது, மயிரிழை இடைவெளி இல்லை. உடம்பால் மறைத்துக்கொண்டு, உளியை அந்த மூடியின் மேல் வைத்து, செங்கல்லை அடிப்பதுபோல ஓங்கி ஒன்று போட்டார். விரிசல் விட்டது.

“ஐயோ” என்றார் கொஞ்சம் சத்தமாக. “மூடி விட்டுப்போயிருக்கே.”

“என்னப்பா?”

“ஜாயிண்ட் போயிடுச்சும்மா. தண்ணி உள்ள இறங்கியிருக்கு.”

வெளியே எடுத்து அறுத்தார். லாட்ஜில் எழுந்த அதே நாற்றம். பித்தளைத் தலை பச்சை பிடித்திருந்தது. கிளிப்பின் கம்பி துருவாக உதிர்ந்தது. விசில் வழவழவென்று, உள்ளே தக்கைக் குண்டு ஊதிப்போய் அடைத்துக்கிடந்தது. சட்டை ஒரு கறுப்புச் சுருளாக வந்தது. அம்மா அதைத் துண்டில் வாங்கினாள். மெதுவாக ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தாள். நடுவில் கேசட். பெட்டிக்குள் நாடா முழுக்க வெள்ளைப் பூஞ்சை.

“அவசரத்துல ஒட்டினேன்” என்றார் சொட்டு. “பசை சரியாப் பிடிக்கல. என் வேலைதான் மோசம்.”

மகள் அழுதாள். அம்மா அழவில்லை. சட்டையின் மடிப்புகளை மறுபடியும் ஒருமுறை பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். “கேசட்டைத் துடைச்சுப் பாக்கச் சொல்லுங்க” என்றாள்.

டேப் ரெக்கார்டர் கொடுத்த அந்தப் பழைய நண்பர், எலெக்ட்ரீஷியன், தெருவில் அவர் பெயர் கரண்ட். அவர் இரண்டு நாள் நாடாவோடு மல்லுக்கட்டினார். சுற்றைப் பிரிக்கப் பிரிக்க மேல்பூச்சு தோல் மாதிரி உரிந்து கையோடு வந்தது. மிச்சத்தை ஓடவிட்டால் இரைச்சல்தான். மகள் பிளேயரின் மேல் காதை வைத்துக் கேட்டாள். இரைச்சலுக்குள் ஏதாவது இருக்காதா என்று அம்மாவும் வைத்துக் கேட்டாள்.

“இதுல எதுவும் இல்ல தங்கச்சி” என்றார் கரண்ட். “எப்படி உள்ள தண்ணி போச்சு?”

“என் ஜாயிண்ட் கசிஞ்சிடுச்சு” என்றார் சொட்டு.

மகள் இரண்டு நாள் இருந்துவிட்டு, பிளேயரை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குப் போனாள்.

கரண்ட் நல்ல மனுஷர்தான். ஆனால் ஒரு செய்தி அவர் காதில் விழுந்தால் ஸ்விட்ச் போட்டதுபோலத் தெரு முழுக்க எரியும். சொட்டு சொந்த வீட்டிலேயே சொதப்பிவிட்டார், மகன் குரலே போய்விட்டது என்று பரவியது. சிலர் பரிதாபத்தோடு சொன்னார்கள், சிலர் பரிதாபமே இல்லாமல். புதுக் கட்டடத்துக்குக் குழாய் வேலை தருவதாகச் சொல்லியிருந்த மேஸ்திரி, “யோசிச்சுச் சொல்றேன் அண்ணே” என்று இழுத்தார். பழைய வீடுகளில்கூட, முடித்த பிறகு, “நல்லா இறுக்கிட்டீங்களா? இன்னொரு தடவை பாத்துடுங்க” என்றார்கள். அவர் மறுபடியும் குனிந்து பார்த்தார். அந்த வசனத்தைச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்குக்கு வாஷர் வாங்க இருவரும் சாமான் கடைக்குப் போனார்கள். கடையில் ஏழெட்டுப் பேர். மேஸ்திரியும் நின்றார். கடைக்காரருக்குக் கூட்டம் இருந்தால் வாய் சும்மா இருக்காது.

“வாங்க சொட்டு அண்ணே. இப்ப சொட்டுதானா, இல்ல அருவின்னு கூப்பிடணுமா?”

ஓரிருவர் சிரித்தார்கள். சொட்டுவும் சிரித்துவைத்தார். “வாஷர் குடு தம்பி” என்றார்.

“நல்ல பசையாவும் ஒண்ணு வாங்கிட்டுப் போங்க. போன தடவை போட்டது பிடிக்கலையாமே.”

கணவருக்குப் பின்னால் நின்றிருந்தவள் முன்னால் வந்தாள். கேசட்டில் இரண்டு வார்த்தை பேச வெட்கப்பட்டவள்.

“பசை நல்லாத்தான் பிடிச்சுது தம்பி” என்றாள். “அவர் ஜாயிண்ட் கசியல. நான்தான் சட்டையை ஈரத்தோட வச்சேன். அதுல கேசட்டைச் சுத்திக் குடுத்ததும் நான்தான். என் பிள்ளை குரலை நான்தான் நனச்சேன்.”

யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் வாஷரைக் காகிதத்தில் சுற்றவும் மறந்து அப்படியே நீட்டினார். “அக்கா, நான் சும்மா…” என்றார்.

“சும்மாதான் கேட்ட. நானும் சும்மாதான் சொன்னேன்.”

திரும்பி நடக்கும்போது அவர் வாஷரை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே வந்தார். தெருமுனையில்தான் கேட்டார்.

“உனக்கு எப்போ தெரியும்?”

“சட்டையைப் பிரிச்சப்பவே. வெளியிலேருந்து தண்ணி வந்திருந்தா மேல் சுத்துதானங்க முதல்ல போகும்? காலர் மடிப்பிலயும் பாக்கெட் தையல்லயும்தான் ரொம்பக் கறுத்துக்கிடந்துச்சு. காயாத துணியை மடிச்சு வச்சா அங்கதான் பிடிக்கும். தினம் பாக்குறதுதான?”

“அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?”

“நீங்க அவ்வளவு பாடுபட்டுப் பொய் சொன்னீங்க. அதை நம்பினா எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்துச்சு.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா அதுக்காக உங்க பேரைத் தின்னுட்டு நான் தூங்க முடியாது.”

“நானும்தான அவசரப்படுத்தினேன். தொட்டுப் பாத்தேன், ஜில்லுனு இருந்துச்சு. விட்டுட்டேன்.”

“நான் காஞ்சிடுச்சுன்னு சொன்னேன், நீங்க நம்பினீங்க. நீங்க தண்ணி போகாதுன்னு சொன்னீங்க, நான் நம்பினேன்.” கொஞ்சம் நடந்துவிட்டுச் சொன்னாள்: “போகல.”

மேஸ்திரி மறுநாளே ஆளனுப்பினார். சொட்டு வேலைக்குப் போனார். பழைய வசனம் திரும்பவில்லை. “முடிஞ்சுது, பாத்துக்குங்க” என்று மட்டும் சொல்வார்.

வீட்டில் அவள் அந்த விசிலைக் கழுவிச் சமையலறை ஜன்னல் கட்டையில் வெயிலில் வைத்திருந்தாள். காலையில் வைப்பாள், மாலையில் எடுப்பாள். எடுக்கும்போது கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். குளிர்ச்சி இருந்தால் மறுநாளும் வெயில்தான். இப்போதெல்லாம் அலமாரிக்குப் போகும் ஒவ்வொரு துணியையும் அவள் அப்படித்தான் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அவர் அதைக் காணாததுபோல வேறு பக்கம் திரும்பி, இறுகியிருக்கும் குழாயை இன்னும் கொஞ்சம் இறுக்குவார்.

ஒரு மாலை வேலை முடிந்து பையோடு வந்தவர் வாசலில் நின்றார். உள்ளே, சமையலறைப் பக்கம், மூச்சுக்காற்று சீறும் சத்தம். நின்றது. மறுபடியும் சீறியது. தக்கைக் குண்டு எங்கோ உருண்டிருக்க வேண்டும். சின்னதாக, பாதியில் உடைந்து, ஒரு விசில் கேட்டது.

இன்னொன்று கேட்குமா என்று அவர் பையைக் கீழே வைக்காமல் காத்திருந்தார். கேட்கவில்லை. சிங்கில் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அது வெகுநேரம் ஓடியது. அவள் மூடுகிற வரைக்கும் அவர் வெளியிலேயே நின்றார்.